சங்கிலித் திங்கட்கிழமை

லா ரொஷேல்,
15 ஜனவரி 2024

மதிப்பிற்குரிய மதாம் மார்சாக்,

முதலில் மன்னிக்க வேண்டும். நீங்கள் எழுதியது என் அம்மாவுக்கு. பதில் எழுதுவது நான். இது முறையா என்று மூன்று நாள் யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்று தோன்றியதால் உட்கார்ந்துவிட்டேன்.

என் அம்மா மர்த்தின் புலுத்தோ. உங்கள் வீட்டு முன்புற நடைபாதையில், மூன்றாவது வளைவுக்குக் கீழே சிப்பி விற்கிறவள். நான் அவள் மகள் கொராலி. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான் என்பதால், வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமும் கடைசியில் என் கைக்கு வந்து சேரும். உங்கள் காகிதம் கொஞ்சம் சுற்றி வந்தது. அம்மா அதை ஒரு முறை படித்தாள், காலி ஓடுகள் போடும் வாளியில் போட்டாள். நான் எடுத்துக் கழுவிக் காயவைத்தேன். இன்னும் கடல் வாடை அடிக்கிறது, மன்னிக்கவும்.

அதில் அம்மா கையெழுத்திட வேண்டிய வாசகம் இது: "ஆண்டுதோறும் மார்ச் முதல் திங்களன்று, மார்சாக் வீட்டு நடைபாதையின் இரு முனைகளிலும் சூரிய உதயம் முதல் நண்பகல் வரை சங்கிலி பூட்டி, பொதுமக்களின் நடமாட்டத்தை நிறுத்தினேன் என்று உறுதியளிக்கிறேன்." அந்த உறுதி இருந்தால்தான் நடைபாதை உங்கள் சொத்து என்று ஆகும், விடுதிக்காரர்கள் வீட்டை வாங்குவார்கள், வளைவுகளுக்குக் கண்ணாடி போடுவார்கள். இவ்வளவும் எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அவர்களுடைய ஆள் நவம்பரிலேயே வந்து சொல்லிவிட்டார். கூர்முனைக் காலணி போட்டவர். நான் அன்று எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"செப்டம்பர்ல இங்க கண்ணாடி வந்துடும் மதாம். உள்ள வரவேற்பறை. நீங்க சந்தைக்குள்ள ஒரு இடம் பார்த்துக்கோங்க."

"கண்ணாடி போட்டா, மழை பெய்யறப்ப ஜனங்க எந்த வழியா போவாங்க?"

"குடை இருக்குமே எல்லார்கிட்டயும்."

அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "தம்பி இந்த ஊரு இல்லை போல."

பக்கத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குச் சிரிப்பில் சிப்பி புரையேறிவிட்டது.

அம்மா கையெழுத்துப் போட மாட்டாள். ஏன் என்று கேட்டால் "முடியாதுன்னா முடியாது" என்கிறாள். இதைத் தெரிவிக்கத்தான் எழுதினேன்.

மரியாதையுடன்,
கொராலி புலுத்தோ


லியோன்,
22 ஜனவரி 2024

செல்வி புலுத்தோ,

மன்னிப்பு தேவையில்லை. நன்றாகவே எழுதுகிறீர்கள். முப்பது வருடம் பத்திரப் பதிவாளராக இருந்தவள் நான். ஒரு காகிதத்தில் ஏன் கையெழுத்திட மறுக்கிறார்கள் என்று கேட்டால் "முடியாதுன்னா முடியாது" என்ற பதில் எனக்குப் புதிதல்ல. அதற்குப் பின்னால் எப்போதும் ஒரு காரணம் இருக்கும்.

உங்கள் ஊர் மறந்துபோன ஒன்றைச் சொல்கிறேன். அந்த ஐந்து வளைவுகளுக்குக் கீழே இருக்கும் தரை எங்களுடையது. 1631இலிருந்து எங்களுடையது. ஊர் அதில் நடக்கிறது, நாங்கள் நடக்க விடுகிறோம். இந்த வேறுபாட்டை யாரும் மறந்துவிடக் கூடாது என்றுதான், அடைக்காமலே விட்ட பாதை ஊருடையதாகிவிடக் கூடாது என்றுதான், வருடத்தில் ஒரே ஒரு காலைப்பொழுது சங்கிலி. என் தாத்தா அந்த நாளில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களுக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வார், பிறகு மழையில் தெருவில் இறக்கிவிடுவார். மேயரையும் இறக்கிவிட்டிருக்கிறார். என் அப்பா 2007இல் என்னோடு இருக்க லியோனுக்கு வந்தபோது சங்கிலியின் சாவியை உங்கள் அம்மாவிடம் நம்பிக் கொடுத்தார். வேறு யாரையும் அவர் நம்பவில்லை.

அந்த வீட்டைப் பாரம்பரியம் என்கிறார்கள். வழிகாட்டிகள் குடைக்கம்பால் சுட்டிக்காட்டி ஐந்து மொழியில் பேசுகிறார்கள். சுவரில் பலகை மாட்டியிருக்கிறார்கள். மூன்றாம் மாடியில் ஏழு வாளிகள் வைத்திருக்கிறேன், மழைநீர் சொட்டுவதற்கு. அவற்றைக் கொட்டிவிட இதுவரை ஒரு பாரம்பரிய ஆர்வலரும் வந்ததில்லை. சன்னல் சட்டம் மாற்ற வேண்டுமென்றால் மட்டும் அனுமதி கேட்கச் சொல்லிக் கடிதம் வருகிறது. என்னால் முடியவில்லை. விற்கிறேன். அதற்கு வெட்கப்படவும் போவதில்லை.

இன்னொன்று. என் முன்னால் பதினாறு தபால் அட்டைகள் இருக்கின்றன. 2008 முதல் சென்ற வருடம் வரை, ஒவ்வொரு மார்ச்சிலும் என் அப்பாவுக்கு வந்தவை. "சங்கிலி போட்டாச்சு. எல்லாம் நலம். மர்த்தின்." அப்பா சென்ற வருடம் இறக்கும்வரை மார்ச் பிறந்தால் தபால்காரருக்காகக் காத்திருப்பார். உங்கள் அம்மா கையெழுத்திடாவிட்டாலும் இவை போதும்.

ஆனால் நேற்று உங்கள் கடிதத்தை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்து வளர்ந்திருக்கிறது. கை அதே கை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இரேன் மார்சாக்


லா ரொஷேல்,
5 பிப்ரவரி 2024

மதாம் மார்சாக்,

ஆமாம், என் கைதான்.

முதல் அட்டை எழுதியபோது எனக்கு எட்டு வயது. அம்மாவுக்கு எழுதக் கூச்சம். சிப்பி உடைத்து உடைத்து விரல்கள் வளையாது என்பாள், ஆனால் உண்மையான காரணம் எழுத்துப்பிழை. அவள் பள்ளியில் அதற்காக நிறைய அடி வாங்கியவள். "நீ எழுதுடி, உன் எழுத்து மணிமணியா இருக்கு" என்பாள். உங்கள் அப்பா முசியே மார்சாக்குக்கு எழுதுவதென்றால் நான் நல்ல பேனாவை எடுப்பேன். நான் வாழ்க்கையில் எழுதிய முதல் கடிதங்கள் அவை.

அவற்றில் முதல் அட்டை மட்டும் உண்மை. அதுவும் அரை மணி நேரத்துக்கு.

2008 மார்ச்சில் அம்மா விடிவதற்கு முன்பே போய் இரண்டு சங்கிலிகளையும் பூட்டினாள். ரொட்டிக்கடை லூசெத் தலைக்குமேல் தட்டைத் தூக்கிக்கொண்டு எப்போதும்போல வளைவுகளுக்குக் கீழே வந்தாள். இருட்டு. சங்கிலி முழங்காலில் தட்டியது. ரொட்டியெல்லாம் சாக்கடைக்குப் போனது, அவளுடைய மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. இன்றைக்கும் அந்தக் கை சற்றுக் கோணல்தான். அம்மா சங்கிலியைக் கழற்றி, பெட்டியில் வைத்து, அதன்மேல் ஈரச் சாக்குகளை அடுக்கினாள். பிறகு அது வெளியே வரவில்லை. ஒரு வருடம்கூட.

பள்ளிக்கூடம் போகும் வழி எனக்கு அதுதான். ஒவ்வொரு மார்ச் முதல் திங்களும் நான் அந்த நடைபாதையில் தாராளமாக நடந்துபோய், மாலையில் திரும்பி வந்து, "சங்கிலி போட்டாச்சு" என்று எழுதினேன். எனக்குத் தெரியும். பத்து வயதில் ஒரு தடவை கேட்டேன்.

"போடலையேம்மா?"

"முசியே வயசானவரு. தூரத்துல இருக்காரு. நிம்மதியா இருக்கட்டும். எழுது."

எழுதினேன். பிறகு வரலாறு படிக்கப் போனேன். ஆவணத்தை எப்படி நம்புவது, எப்படிச் சந்தேகப்படுவது என்று நாலு வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் வீட்டின் முகப்பைப் பற்றித்தான் என் ஆய்வேடு. தொண்ணூறு பக்கம். தூண்களின் அளவு, மரச்சட்டங்களை மூடிய கற்பலகைகள், சர்க்கரைக் கப்பல்கள் எந்தக் காசைக் கொண்டுவந்து எந்த மாடியைக் கட்டின, அந்தக் கப்பல்கள் ஆப்பிரிக்காவிலிருந்து யாரை ஏற்றிப் போயின, எல்லாம் இருக்கிறது. பதினாறு அட்டைகள் இல்லை.

அம்மா ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். கண்ணாடிக்காரர்கள் மேல் கோபம் இருக்கிறது, அது வேறு. நடக்காததை நடந்தது என்று எழுதிக் கையெழுத்திட அவளால் முடியாது. நடக்கவில்லை என்று சொல்லவும் முடியாது, உங்கள் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு அது. அந்த இடத்தை இழப்பதைக்கூட ஏற்றுக்கொள்வாள் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் அவளோடு சண்டை போட்டேன். எங்கள் வீட்டில் நான் குரல் உயர்த்துவது வழக்கமில்லை, பூனை எழுந்து வெளியே போய்விட்டது. கடைசியில் சொன்னாள்:

"சரி எழுது. ஆனா மன்னிப்புக் கேட்டு எழுதாதே. லூசெத் கை என் கண்ணு முன்னால முறிஞ்சது. மறுபடி அந்த நாள் வந்தாலும் சங்கிலியைப் பெட்டியிலதான் வைப்பேன்."

ஆகவே கேட்கவில்லை. பதினாறு வருடமாக அந்தப் பாதை ஒரு நாள்கூட அடைபடவில்லை. அட்டைகளை நீங்கள் நீதிமன்றத்தில் காட்டினால், அவற்றை எழுதியவள் நான் என்று நான் வந்து சொல்வேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. இதைப் பேசுவேன்.

கொராலி


லியோன்,
12 பிப்ரவரி 2024

கொராலி,

இனி உன்னை "நீங்கள்" என்று எழுதப் போவதில்லை. எட்டு வயதிலிருந்து என் அப்பாவிடம் பொய் சொன்னவளிடம் அந்த அளவு விலகி நிற்பது பாசாங்கு.

உன் கடிதத்தை இரண்டு முறை கிழிக்கப் போனேன். அப்பா அந்த அட்டைகளைத் தன் மூக்குக்கண்ணாடி வைக்கும் இழுப்பறைக்குள் வைத்திருந்தார். மார்ச் முதல் வாரம் வந்தால் "ஊர்ல சங்கிலி போட்டிருப்பாங்க" என்பார், நேராக உட்கார்ந்து காப்பி குடிப்பார். அந்த ஒரு காலை மட்டும் அவர் மகள் வீட்டில் ஒண்டியிருக்கும் கிழவர் இல்லை, வீட்டுக்காரர். நீங்கள் இருவரும் அவருக்குக் கொடுத்தது அதுதான், இல்லாத ஒன்று. அதற்கு நன்றி சொல்வதா, திட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதைக்குத் திட்டுகிறேன்.

என்னைப் பற்றியும் தெரிந்துகொள். அட்டைகளை விடுதிக்காரர்களிடம் இன்னும் காட்டவில்லை. காட்டலாம். உன் கடிதம் தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். அப்படிச் சொன்னவர்கள் பத்துப் பேரையாவது என் மேசைக்கு எதிரே பார்த்திருக்கிறேன்.

ஆனால் எனக்குப் பொய் தேவையில்லை. உரிமை என்னுடையது, அதை நானே வந்து காட்டுகிறேன். மார்ச் 4, முதல் திங்கள். விடியும்போது நான் அங்கே இருப்பேன். நீதிமன்ற அலுவலர் ஒருவரைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறேன். சங்கிலி நண்பகல்வரை இருக்கும். பதினாறு வருடம் விட்டுப்போனது என்றால், பதினேழாவது வருடம் விடவில்லை என்று எழுதிக்கொள்ளட்டும்.

சாவியை உன் அம்மா தயாராக வைத்திருக்கட்டும்.

இரேன் மார்சாக்


லா ரொஷேல்,
20 பிப்ரவரி 2024

மதாம் மார்சாக்,

சாவி தயார். சங்கிலி துருப்பிடித்திருந்தது, அம்மா எண்ணெய் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள். "வந்தா வரட்டும். அவங்க வீட்டுச் சங்கிலி" என்றாள். ரிப்பன் வெட்டுவதற்குத் துணிக்கடைக்காரர் ஒரு கத்தரிக்கோல் தருகிறாராம். அது அவருடைய நகைச்சுவை, என்னுடையது இல்லை.

விடியற்காலையில் குளிரும். கையுறை கொண்டுவாருங்கள்.

கொராலி


லியோன்,
8 மார்ச் 2024

கொராலி,

கையுறை கொண்டுவரவில்லை. அதை நீ கவனித்திருப்பாய். சாவியைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு எதிரே புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூடத் திருப்பாமல் நின்றாய்.

உங்கள் ஊர்க்காரர்கள் என்னைத் திட்டுவார்கள், சங்கிலியைத் தாண்டிக் குதிப்பார்கள், கூச்சல் போடுவார்கள் என்று தயாராக வந்திருந்தேன். அவற்றுக்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. ஏழரை மணிக்கு ரொட்டிக்கடை லூசெத் வந்தாளே, அதற்குத்தான் இல்லை.

"காலை வணக்கம் மதாம். பாதை விடுறீங்களா? போன தடவை கேக்காம வந்தேன், கை போயிடுச்சு."

என்ன செய்ய? கூடவே நடந்து இரு முனையிலும் கழற்றினேன். அவள் போனதும் மாட்டினேன். அவளுக்குப் பின்னால் துணிக்கடைக்காரர், தொப்பியைத் தூக்கிக்கொண்டு. "தயவு பண்ணுங்க மதாம், அவசரம் ஒண்ணுமில்லை, நீங்க மெதுவாவே கழட்டுங்க." அவர் அந்த முனையில் வெளியேறி, தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி நின்றார். "மன்னிக்கணும் மதாம், குடையை மறந்துட்டேன்." அவரிடம் குடையே கிடையாது என்று உன் அம்மா பிறகு சொன்னாள். பிறகு வரிசை. அந்த வரிசையை யார் கூட்டினார்கள் என்று உன்னிடம் கேட்கப் போவதில்லை. உன் காது சிவந்திருந்தது.

அன்றைக்கு மழைகூட இல்லை. நல்ல வெயில். ஒருத்தர்கூடத் தெருவில் இறங்கவில்லை. எல்லோரும் என் பெயரைச் சொல்லி, வணக்கம் சொல்லி, அனுமதி கேட்டார்கள். என் தாத்தாவுக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது. நாற்பது வரை எண்ணினேன். கை முழுக்கத் துரு, நகம் ஒன்று உடைந்தது. நீதிமன்ற அலுவலர், பாவம், "எண்பத்தொன்பது மணித்துளிகளில் நாற்பத்தோராவது திறப்பு" என்று எழுதிவிட்டு, பேனாவை மூடிக்கொண்டு, உன் அம்மாவிடம் போய் மூன்றாம் நம்பர் அளவுச் சிப்பி அரை டஜன் கேட்டார்.

ஒன்பது மணிக்குச் சங்கிலியைக் கீழே போட்டேன். தோற்றுப்போய்ப் போடவில்லை. கை வலித்தது. அப்படித்தான் எழுதிக்கொள்.

உன் அம்மா எனக்கு ஆறு சிப்பி நீட்டினாள். நான் வாங்கவில்லை. "சும்மா கொண்டுபோங்க மதாம், ரயில்ல பசிக்கும்" என்று ஈரக் காகிதத்தில் சுற்றிப் பையில் திணித்தாள், ஒரு கத்தியும் சேர்த்து. புவாத்தியே நிலையம் தாண்டியதும் பிரித்தேன். எதிரே இருந்தவர் இடம் மாறிப் போய்விட்டார். கத்தியைத் தனியாக அனுப்புகிறேன்.

விடுதிக்காரர்களுக்கு எழுதிவிட்டேன்: சங்கிலி பற்றிய எந்த உறுதியையும் என்னால் தர முடியாது, அட்டைகளை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். அவர்கள் பின்வாங்கவில்லை. யோசிக்கிறார்களாம். வேறு வழி தேடுவார்கள், தேடத் தெரிந்தவர்கள்தான். அவர்கள் இல்லாவிட்டால் இன்னொருவர் வருவார். வீட்டை நான் விற்கத்தான் போகிறேன், அதில் மாற்றமில்லை. வாளிகள் இப்போது ஒன்பது.

இதோடு வீட்டுச் சாவியை வைத்திருக்கிறேன். தொண்ணூறு பக்கம் எழுதியவள் ஒரு தடவையும் உள்ளே போனதில்லை என்று உன் அம்மா சொன்னாள். எனக்கு அது வெட்கமாக இருந்தது. உனக்கு விருப்பமான நாளில் போய்ப் பார். முதல் மாடியில் விட்டத்தில் கப்பல்கள் வரைந்திருக்கும். படிக்கட்டின் நான்காம் படி ஆடும், கவனம்.

இரேன்


லா ரொஷேல்,
19 மார்ச் 2024

மதாம் இரேன்,

கத்தி வந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நல்லாக் கழுவித்தான் அனுப்பியிருக்காங்க" என்றாள். அவளிடமிருந்து அது பெரிய பாராட்டு.

வரிசையைக் கூட்டியது நான்தான். ஒரே ஒருவரிடம் சொன்னேன், துணிக்கடைக்காரரிடம். அவரிடம் சொன்னால் போதும். யாரும் கோபப்படக் கூடாது, எல்லோரும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். உங்களை அவமானப்படுத்த அப்படிச் செய்யவில்லை. கேட்டால் நீங்கள் திறப்பீர்களா, மாட்டீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நாற்பத்தொரு தடவை திறந்தீர்கள். முதல் தடவை லூசெத்தின் கையைப் பார்த்த பிறகு, மாட்டும்போது சங்கிலியைக் கண்ணில் படும்படி கொஞ்சம் உயர்த்தி மாட்டினீர்கள். அதையும் பார்த்தேன்.

வீட்டுச் சாவியைத் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாள் என் சட்டைப்பையில் இருந்தது. வாசல்வரை போனேன், பூட்டில் வைத்தேன், திருப்பவில்லை. உள்ளே போனால் விட்டத்துக் கப்பல்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன். வெளியே வரும்போது உங்களுக்கு நன்றிக்கடிதம் எழுதத்தான் கை போகும். நான் எழுத வேண்டியது வேறு கடிதம். என்னைப் போன்றவர்களுக்கு யாராவது ஒரு கதவைத் திறந்துவிட்டால், கேட்க வந்ததை மறந்துவிடுகிற பழக்கம் இருக்கிறது. பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான் இருந்தேன். நாலு வருடம் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கூரைக்கு என்னிடம் விடை இல்லை. ஒன்பது வாளிக்கும் இல்லை. விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை, சொல்லவும் மாட்டேன். யார் வேண்டுமானாலும் வாங்கட்டும், விட்டத்தின் கீழே யார் வேண்டுமானாலும் தூங்கட்டும்.

நேற்று மழை. மாலை ஆறு மணிக்கு நான் முதல் தூணுக்குப் பக்கத்தில் நின்று எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு பேர் போனார்கள். ஒருவரும் தலையைத் தூக்கி வீட்டைப் பார்க்கவில்லை, ஒருவரும் நனையவும் இல்லை. உங்கள் முன்னோர்கள் கட்டியதில் இன்றைக்கும் வேலை செய்துகொண்டிருப்பது அந்த ஐந்து வளைவுகள்தான். மேலே எல்லாம் ஒழுகுகிறது, அங்கே மட்டும் ஒழுகவில்லை.

ஆகவே இத்தனை கடிதத்திலும் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்கிறேன். ஜனவரியிலேயே கேட்டிருப்பேன், அப்போது எங்கள் கை சுத்தமாக இல்லை.

இதோடு ஒரு தாள் இருக்கிறது. வரைவு என்னுடையது. பத்திர மொழி சரியில்லையென்றால் திருத்துங்கள், முப்பது வருடம் எழுதியவர் நீங்கள். அதில் உள்ளது இவ்வளவுதான்: மார்சாக் வீட்டு வளைவுகளின் கீழுள்ள தரை, வீடு யார் கைக்குப் போனாலும், இரு முனையிலிருந்தும், எல்லா நாளும், எல்லோரும் நடக்கத் திறந்தே இருக்கும், சங்கிலியோ கதவோ கண்ணாடியோ அதை அடைக்காது. மூன்றாவது வளைவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அம்மா அடிக்கச் சொல்லிவிட்டாள். "என் இடத்தைப் பத்தி ஒண்ணும் எழுதாதே. பாதை இருந்தா நான் நிப்பேன். என்னை எழுப்பறது அடுத்தவன் பாடு." அடித்த கோடு தெரிகிறது, புதுத் தாள் எடுக்கவில்லை.

விற்ற பிறகு உங்களால் இதைச் செய்ய முடியாது. வாங்குகிறவர் செய்ய மாட்டார். தரை உங்களுடையதாக இருக்கும்போது மட்டும்தான் அதை நீங்கள் கொடுக்க முடியும். விலை குறையும், எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

விற்பதற்கு முன்னால் இதில் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்யுங்கள், மதாம்.

கொராலி